வால்டர் வைட்டின் மனைவி மேல் ஏன் இத்தனை கோபம்? தமிழில் தொடர் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வெப் சீரிஸ் எழுதும் கதாசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சினிமாத் துறையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆனால் என் பாடத்தின் பெயரைச் சொன்னதும் பிளஸ் டூ பையன்களுக்கு ஞாபகம் வரும் முகம் மேரி கியூரியுடையது இல்லை. மொட்டைத் தலை, கறுப்புத் தொப்பி, குறுந்தாடியோடு இருக்கும் ஒரு போதைப்பொருள் தயாரிப்பாளனுடையது. ரெக்கார்டு நோட்டு அட்டைக்குள் அவன் ஸ்டிக்கர், வாட்ஸ்அப் டிபியில் அவன் படம். ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொடரின் வால்டர் வைட், புற்றுநோய் வந்த பிறகு போதைப்பொருள் காய்ச்ச இறங்கும் வேதியியல் வாத்தியார். 2013இல் அந்தத் தொடர் முடிந்தபோது இந்தப் பையன்கள் யு.கே.ஜி. தாண்டியிருக்க மாட்டார்கள்.

குற்றவாளியை நடுவில் உட்காரவைத்து அவனோடேயே நம்மை நடக்கவைக்கும் தொடர்கள் இப்போது தமிழிலும் எழுதப்படுகின்றன. அதனால்தான் உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. கெட்டவனை நாயகனாக வைக்காதீர்கள் என்று கேட்கப்போவதில்லை. தணிக்கை வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். 2023 செப்டம்பரிலிருந்து ஓடிடி தொடர்களில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் திரையில் எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதே மாதிரி ‘கொலை செய்வது குடும்பத்துக்குக் கேடு’ என்று ஒரு வரியை ஓடவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆள் நானில்லை.

என் மாணவர்களில் பலர் தொடரை முழுதாகப் பார்த்தவர்களும் இல்லை, ரீல்ஸில் பார்த்தவர்கள். அதில் அதிகம் சுற்றுவது நான்காம் சீசனில் வரும் ஒரு வசனம். ‘எனக்கு ஆபத்து என்று நினைக்கிறாயா? ஆபத்தே நான்தான். கதவைத் தட்டுகிறவனே நான்தான்’ என்ற பொருளில் வால்டர் பேசுவான். முகம் குளோசப்பில் இருக்கும், மேலே யாரோ ஒட்டிய பிஜிஎம் அதிரும், அத்தோடு கட்.

முழுக் காட்சி நடப்பது ஒரு படுக்கையறையில். எதிரில் எதிரி எவனும் இல்லை, அவன் மனைவி ஸ்கைலர் நிற்கிறாள். புருஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, போலீஸிடமே போய்விடலாமே என்று கெஞ்சுகிறாள். அந்தக் கட்டத்தில் வால்டருக்கும் உள்ளுக்குள் உதறல்தான். கஸ் என்ற முதலாளி எந்த நாளிலும் தன்னைத் தீர்த்துக்கட்டிவிடுவான் என்பது அவனுக்குத் தெரியும். பயந்துகிடக்கிற ஒருவன், தன்னைவிடப் பயந்திருக்கும் ஒருத்தியிடம் காட்டுகிற வீறாப்பு அது. அதற்குப் பிறகு அவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரில் கிளம்புகிறாள். நான்கு மாநில எல்லைகள் சந்திக்கும் இடத்தில் நின்று, எந்தப் பக்கம் ஓடலாம் என்று நாணயம் சுண்டுகிறாள். இரண்டு முறையும் கொலராடோ பக்கம் விழுகிறது. அதைக் காலால் தன் ஊர் இருக்கும் நியூ மெக்சிகோ பக்கம் நகர்த்திவிட்டு வீட்டுக்கே திரும்புகிறாள். ரீல்ஸ் வெட்டுகிறவன் வெட்டியெறிந்தது இதைத்தான்.

அவனை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. தொடரே அந்த வேலையை, மிகத் தேர்ந்த கையால், ஐந்து சீசன் செய்திருக்கிறது. எப்படிச் செய்தது என்பதை உங்கள் தொழிலிலிருந்தே காட்டப் பார்க்கிறேன்.

முதல் சீசனின் மூன்றாவது எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவறையில் ஒருவனைக் கழுத்தில் சைக்கிள் பூட்டு போட்டுத் தூணோடு கட்டிவைத்திருக்கிறார்கள். அவனைக் கொல்வதா விடுவதா என்று வால்டர் ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமும் காரணங்கள் எழுதுகிறான், எங்கள் சக ஆசிரியர் எவரும் எழுதுவது போலவே. அவனுக்கு ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டு சாண்ட்விச் செய்து தருகிறான். இருவரும் பீர் குடிக்கிறார்கள். பேச்சுவாக்கில் அந்த ஆளின் அப்பா மரச்சாமான் கடை வைத்திருந்தது தெரியவருகிறது, மகனுக்குத் தொட்டில் வாங்கிய கடையே அதுதான் என்று வால்டருக்கு ஞாபகம் வருகிறது. விட்டுவிடலாம் என்று முடிவுசெய்து சாவி எடுக்கப் போகும்போது சந்தேகம் தட்டுகிறது. அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது உடைந்த தட்டின் துண்டுகளைக் குப்பையிலிருந்து எடுத்து மேஜையில் ஒவ்வொன்றாகப் பொருத்துகிறான். ஒரு துண்டு குறைகிறது, கத்தி மாதிரி நீளமான துண்டு. அப்புறம் நடக்கும் கொலை அசிங்கமானது, நீளமானது. சைக்கிள் பூட்டை இழுத்துப் பிடித்தபடி வால்டர் அழுது மன்னிப்புக் கேட்கிறான். ஒரு உயிர் போவதற்கு அந்த எபிசோட் முழுவதும் தேவைப்பட்டது.

ஐந்தாம் சீசனுக்கு வாருங்கள். வால்டரின் ஏற்பாட்டில் மூன்று சிறைகளில் பத்துப் பேர் கொல்லப்படுகிறார்கள், எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். பின்னணியில் அந்தக் காலத்து உற்சாகமான பாட்டு. ஷாட்டுக்கு ஷாட் தாளம் தப்பாமல் வெட்டியிருக்கிறார்கள். வால்டர் ஜன்னல் ஓரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். செத்தவர்களில் ஒருவனுக்காவது அப்பா கடை வைத்திருந்தாரா? நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றாது. ‘என்ன பிளானிங்!’ என்றுதான் தோன்றும்.

வால்டர் மாறிய கதையைச் சொல்லத்தான் அப்படி எடுத்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் கூடவே பார்க்கிறவனும் மாற்றப்பட்டிருக்கிறான். மொத்தம் 62 எபிசோடுகள், ஏறக்குறைய 50 மணி நேரம். சொந்த மாமா வீட்டில்கூட நாம் ஒரு வருஷத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்திருக்க மாட்டோம். திரைப்பட ஆய்வாளர் மரே ஸ்மித் 1995இலேயே ஒரு வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டினார்: கதையில் நாம் யாரோடு கூடப் போகிறோம் என்பது ஒன்று, யார் பக்கம் நிற்கிறோம் என்பது வேறொன்று. தொடர்களில் நேரம் நீள நீள முதலாவது இரண்டாவதாகக் கரைந்துபோகிறது. ஊடக உளவியல் எழுதும் ஆர்தர் ரேனி இன்னும் ஒரு படி மேலே போய், பல சமயம் நமக்கு ஆள் முதலில் பிடித்துவிடுகிறது, நியாயங்களைப் பிறகுதான் தேடிக்கொள்கிறோம் என்கிறார். நேரம் மட்டும் இதைச் செய்துவிடாது என்பதும் உண்மை. நம் மெகா சீரியல் வில்லிக்கு வருஷக்கணக்கில் நேரம் கொடுக்கிறார்கள், ஆனாலும் அந்த நடிகை காய்கறிக் கடைக்குப் போனால் திட்டு வாங்குகிறார். ஏனென்றால் வில்லி கண்ணை உருட்டிக்கொண்டு திட்டத்தை வாய்விட்டுச் சொல்லுவாளே தவிர, ராத்திரி தூக்கம் வராமல் அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் காட்டுவதில்லை. வால்டருக்கு இருமல்கூடக் குளோசப்பில் கிடைக்கிறது.

இன்னொரு உத்தி, இதைவிடப் பழையது. ‘தி சொப்ரானோஸ்’ தொடரின் ஐந்தாவது எபிசோட், 1999 பிப்ரவரி. மாஃபியா தலைவன் டோனி மகளுக்குக் கல்லூரி பார்க்க அவளை மெய்ன் மாநிலத்துக்குக் கூட்டிப்போகிறான். வழியில், பழைய கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு வேறு பெயரில் வாழும் ஒருவனைப் பார்த்துவிடுகிறான். மகள் நேர்காணலில் இருக்கும் நேரத்தில் அவனைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனலின் கிரிஸ் ஆல்பிரெக்ட் பதறிப்போனார்: இத்தனை சீக்கிரம் நாயகன் கையாலேயே கொலை செய்தால் ஜனங்கள் அவனை வெறுத்துவிடுவார்களே! தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் விடவில்லை. அப்படிப்பட்ட ஒருவனைக் கண்டும் கொல்லாமல் வந்தால்தான் டோனியின் மதிப்பு போய்விடும் என்றார். கடைசியில் சமரசம். கொலை இருக்கும், ஆனால் சாகிறவனைக் கொஞ்சம் கூடுதல் மோசமானவனாக எழுத வேண்டும். அதனால் டோனியைக் கொல்ல அவன் ஆள் பிடிக்க முயலும் காட்சி சேர்ந்தது. எபிசோடுக்குத் திரைக்கதைக்காக அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருதும் கிடைத்தது.

அந்தச் சமரசம் பிறகு பெரிய அளவில் தொழில் சூத்திரமாகிவிட்டது. நம்முடையவன் கெட்டவனா? பக்கத்தில் அவனைவிடக் கெட்டவனை நிறுத்து. வால்டருக்கு முதலில் டூக்கோ, பிறகு கஸ், முடிவில் நாஜிச் சின்னம் பச்சை குத்திய ஒரு கும்பல். அதற்குள் வால்டர் கண்ணெதிரே ஒரு பெண் மூச்சுத்திணறிச் சாவதைக் காப்பாற்றாமல் நின்று பார்த்திருக்கிறான். ஒரு சின்னப் பையனை விஷம் கொடுத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருக்கிறான். இருந்தும் கடைசி எபிசோடில் கார் டிக்கியிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுழன்று சுட்டபோது உலகமே கைதட்டியது. நாஜிக்கு எதிராக நின்றால் எவனும் நல்லவன் மாதிரிதான் தெரிவான்.

இதெல்லாம் வெளிப்படையாகத் தெரியும் உத்திகள். என்னை அதிகம் யோசிக்கவைத்தது இரண்டாம் சீசனின் ஒரு எபிசோட். வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸி, திருட்டுப்போன சரக்கைத் தேடி ஒரு வீட்டுக்குப் போகிறான். புருஷன் பெண்டாட்டி இருவரும் போதைக்கு அடிமைகள். வீடு நாறிக்கிடக்கிறது. அழுக்குச் சட்டையோடு ஒரு செம்பட்டை முடிப் பையன், பேசவே பேசாதவன், தானாக வந்து ஜெஸ்ஸி பக்கத்தில் உட்காருகிறான். ஜெஸ்ஸி கண்ணைப் பொத்தித் திறந்து ‘பூச்சாண்டி’ விளையாட்டுக் காட்டுகிறான். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு கொலையும் நடக்கிறது. போலீஸ் வரும்முன் ஜெஸ்ஸி பையனைப் போர்வையால் சுற்றி வெளித் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு ஓடுகிறான். வால்டர் தயாரித்த பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்பதை இத்தனை பக்கத்தில் தொடர் காட்டிய இடங்கள் குறைவு.

அப்போது வால்டர் எங்கே? ஒரு நல்ல ரெஸ்டாரண்ட்டில் உட்கார்ந்து, பழைய தோழியிடம், தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று வன்மம் கொட்டிக்கொண்டிருக்கிறான். அந்த வீட்டை அவன் பார்க்கவே இல்லை. தொடர் முழுக்கப் பாவத்தின் பாரத்தைச் சுமப்பதற்கு ஜெஸ்ஸி இருக்கிறான், அதனால் வால்டர் கைவீசி நடக்கிறான். நாமும் அவனோடு கைவீசி நடக்கிறோம். வகுப்பில் சுடரின் மேல் உப்புக் கரைசல்களைத் தெளித்து நிறம் மாற்றிக் காட்டும் முதல் எபிசோட் வால்டரை எனக்கும் பிடிக்கும், எந்த வேதியியல் ஆசிரியைக்கும் பிடிக்கும். ஒருவன் தன் தொழிலில் கெட்டிக்காரனாக இருப்பதைப் பார்ப்பது அவ்வளவு சுகம். அந்தச் சுகத்தைக் கெடுக்கும் எதையும் அவன் கண்ணில் படாமல் நகர்த்திவைத்தது எழுதியவர்கள் கை.

இனி ஸ்கைலர். வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பார்கள். அவளுடைய குற்றப்பட்டியலைப் பாருங்கள். புருஷன் எங்கே போகிறான் என்று கேட்டாள். போதைத் தொழில் செய்கிறவன் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம் என்றாள். சோரம் போனாள், ஆமாம், அவள் சொன்னதைக் கேட்காமல் அவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட பிறகு. இதற்குக் கிடைத்த வெறுப்பு, பத்துப் பேரைச் சிறையில் கொல்லச் சொன்னவனுக்குக் கிடைக்கவில்லை. ஸ்கைலராக நடித்த ஆன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதினார். பாத்திரத்தை வெறுக்கும் பக்கங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்ததையும், கோபம் மெல்லப் பாத்திரத்திலிருந்து தன் மேலேயே திரும்பியதையும், தன்னை எங்கே பார்த்துக் கொல்லலாம் என்று ஒருவர் இணையத்தில் கேட்டதையும் சொன்னார். அதே வேடத்துக்காக அடுத்த மாதம் எம்மி வாங்கினார், அடுத்த வருஷமும் வாங்கினார்.

ஆண்களின் புத்தி என்று சொல்லி முடித்துவிடலாம். ஓரளவு அதுவும்தான். ஆனால் முதல் எபிசோடில் அவளை நமக்கு எப்படி அறிமுகம் செய்கிறார்கள்? புருஷனின் ஐம்பதாவது பிறந்தநாள் இரவு, கட்டிலில் அவனருகே இருக்கிறாள், கண் மட்டும் மடிக்கணினியில் ஓடும் ஆன்லைன் ஏலத்தில். ஒரே காட்சியில் அவள் ‘அவனை மதிக்காதவள்’ ஆகிவிடுகிறாள். ஐந்தாம் சீசனில் ஐம்பத்தோராவது பிறந்தநாள் வருகிறது. விருந்தாளிகள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்கைலர் உடுத்திய உடையோடு நீச்சல்குளத்துக்குள் இறங்கி நடந்து முங்கிவிடுகிறாள். இரவில் வால்டர் கேட்கிறான், உன் திட்டம்தான் என்ன? அவள் சொல்லும் ஒவ்வொரு வழியையும் அடைக்கிறான். கடைசியில், காத்திருக்கிறேன் என்கிறாள். எதற்கு? உன் புற்றுநோய் திரும்பி வருவதற்கு. என்ன மாதிரியான காட்சி! ஆனால் அது வருவதற்கு நான்கு சீசனுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

நம் ஊரில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒருவர் செய்திருக்கிறார். இராவணனைவிடப் பெரிய ஆன்ட்டி ஹீரோ உண்டா? கம்பர் அவனுக்குக் கொடுக்காத கம்பீரம் உண்டா? அதே கம்பர், மந்திராலோசனையில் கும்பகருணனை எழுந்து நிற்கவைத்து அண்ணன் முகத்துக்கு நேரே ‘பேசுவது மானம், இடை பேணுவது காமம்’ என்று சொல்லவைக்கிறார். ஸ்கைலர் ஐந்து சீசன் சொன்னது இதுதானே? கும்பகருணனை எவரும் வெறுப்பதில்லை. சபையில் கண்டித்ததோடு கம்பர் அவனை விடவில்லை. அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பவே பாட்டுப் பாட்டாக ஓடுகிறது. தம்பி வந்து கூப்பிடும்போது ‘நீர்க்கோல வாழ்வை நச்சி’ வர மாட்டேன் என்று அழவைக்கிறார். மறுத்துப் பேசுகிறவனுக்கும் ஒரு உள்மனம் இருக்கிறது, அதையும் பாட்டிலேயே வைக்கிறார். அதனால் இராவணனின் மதிப்பு ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. மறுத்துப் பேசினால் மாஸ் போய்விடும் என்று பயப்படும் தயாரிப்பாளருக்கு இதைச் சொல்லுங்கள்.

‘பிரேக்கிங் பேட்’டை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே 2025 பிப்ரவரியில் அமெரிக்க எழுத்தாளர் சங்க விருது மேடையில் ஏறி, வால்டரைவிட ஊக்கம் தரும் ஒருவரைப் படைத்ததற்காகக் கொண்டாடப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று எழுதப்பட்ட கெட்டவர்கள் முன்மாதிரி ஆகிவிட்டார்கள், இனி நல்லவர்களையும் அதிகம் எழுதுவோம் என்றும் கேட்டுக்கொண்டார். பெரிய மனசுதான். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. நல்லவனை எழுதினால், அதே கேமரா அவன் பின்னாடியே 50 மணி நேரம் போய், அவனை மறுத்துப் பேசுகிற பெண்ணை அதே மாதிரி எரிச்சலூட்டுபவளாக்கும். கேமரா யாரை விட்டுவிடுகிறது என்பதுதான் எனக்கு வழக்கு.

கடைசி எபிசோடில் தண்டனை கொடுத்துக் கணக்கை நேர்செய்யும் பழக்கத்தையும் நம்பாதீர்கள். டோனி கொள்ளையடித்ததையும் கொன்றதையும் குதூகலமாகப் பார்த்துவிட்டு, திடீரென்று அவனுக்குத் தண்டனை வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டதை டேவிட் சேஸே சலிப்போடு குறிப்பிட்டார். ஐந்து நிமிட போலீஸ் ஜீப்பால் 50 மணி நேரத்தை அழிக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயங்கள். நாயகன் மாஸ் வசனம் பேசும்போது, அதைக் கேட்டு நடுங்குகிறவளையும் அதே ஃப்ரேமில் நிறுத்துங்கள். தனித்தனி குளோசப்பாக எடுத்தால் அவளை வெட்டியெறிவது சுலபம். அவன் செய்த வேலையின் பலனை அவனையே ஒருமுறை நேரில் பார்க்கவையுங்கள், நண்பனையோ அடியாளையோ அனுப்பாமல். மனைவி, அக்கா, அம்மா எவளாக இருந்தாலும் அவனைத் தடுக்கிறவளை முதல் எபிசோடில் அறிமுகம் செய்யும்போதே, அவன் இல்லாத ஒரு காட்சியில் அறிமுகம் செய்யுங்கள். அவளுக்கு வேலை இருக்கட்டும், கடன் இருக்கட்டும், பிடித்த பாட்டு இருக்கட்டும். மூன்று எபிசோடுக்கு ஒருமுறையாவது கதை அவள் கண் வழியே நகரட்டும்.

இதெல்லாம் லேக் ஆகும், செலவாகும் என்று யாராவது சொன்னால் ‘தி சொப்ரானோஸ்’ மூன்றாம் சீசனில் கிராக்கவர் என்ற மனநல மருத்துவர் வரும் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். டோனியின் மனைவி கார்மெலா அவரிடம் ஆலோசனைக்குப் போகிறாள். அவர் சுற்றிவளைக்காமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறு என்கிறார். ரத்தக்கறை படிந்த பணம் என்று ஃபீஸ் வாங்க மறுக்கிறார். ‘எனக்கு யாரும் சொல்லவில்லை என்று மட்டும் இனி நீ சொல்ல முடியாது’ என்கிறார். மொத்தத் தொடரிலும் அவர் வருவது அந்த ஒரு தடவைதான். ஓர் அறை, இரண்டு நடிகர்கள், சில நிமிடங்கள். கார் வெடிக்கும் ஒரு ஷாட்டின் செலவில் கால்வாசிகூட ஆகாது.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியை